மாவுக்கட்டு போடும் புது டாக்டருக்குக் கை எங்கே பழகுகிறது?

ஓசூர் சாலையில் பைக் சறுக்கி மணிக்கட்டு உடைந்த ஒருவரைப் பெங்களூரின் ஏதாவது ஒரு போதனா மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், எக்ஸ்ரே பார்ப்பவரும், எலும்பை இழுத்துச் சேர்ப்பவரும், மாவுக்கட்டு போடுபவரும் பெரும்பாலும் முப்பது வயதைத் தொடாத ஒரு டாக்டராகத்தான் இருப்பார். “பெரிய டாக்டர் வரமாட்டாரா? இவங்க நம்மமேல கை பழகுறாங்களா?” என்று கூட வந்தவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். முதுநிலை மருத்துவப் படிப்புக்கான நீட் பிஜி கலந்தாய்வு முடிந்து புது பேட்ச் சேரும் மாதங்களில் இந்தச் சந்தேகம் இன்னும் கூடும்.

நியாயமான சந்தேகம்தான். இளைய டாக்டர் கட்டுப் போடுவதில் தவறு எதுவும் இல்லை. போதனா மருத்துவமனைகள் நடப்பதே அப்படித்தான். நாளைய பெரிய டாக்டர்கள் வருவதும் அங்கிருந்துதான். ஆனால் நோயாளியின் கையைத் தொடுவதற்கு முன்னால் அவர் வேறு எங்காவது பழகியிருக்கிறாரா என்று கேட்டால், கல்லூரிக்குக் கல்லூரி வேறு வேறு பதில் வருகிறது. அது ஏன், அதனால் என்ன ஆகிறது, எதை மாற்றலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ரெசிடென்ட் என்பவர் யார்?

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு, அதற்குப் பிறகு ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. இத்தோடு ஒருவர் பதிவு பெற்ற மருத்துவர் ஆகிவிடுகிறார். எலும்பு அறுவை மருத்துவராக வேண்டுமென்றால் நீட் பிஜி எழுதி எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. சேர வேண்டும், இரண்டும் 3 ஆண்டு. டி.ஆர்த்தோ என்ற 2 ஆண்டு டிப்ளமோவும் உண்டு. இந்தக் காலத்தில் அவர் மாணவர், அதே நேரத்தில் உதவித்தொகை வாங்கிக்கொண்டு வார்டையும் அவசரப் பிரிவையும் ஓட்டும் ஊழியர். இவரைத்தான் ஜூனியர் ரெசிடென்ட், சுருக்கமாக ஜே.ஆர். அல்லது பி.ஜி. என்கிறோம். இவருக்கு மேலே சீனியர் ரெசிடென்ட், உதவிப் பேராசிரியர், யூனிட் தலைவர் என்று படிகள் உண்டு.

சேரும் நாளில் அவருக்கு எலும்பு வேலையில் எவ்வளவு பழக்கம் இருக்கும்? 2021-ஆம் ஆண்டின் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி விதிப்படி, எலும்பு மருத்துவத்துக்கும் மறுவாழ்வு மருத்துவத்துக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டிருப்பது 2 வாரம். அந்த ஆண்டுதான் நீட் பிஜிக்கு விழுந்து விழுந்து படிக்கும் ஆண்டும்கூட. அந்தத் தேர்வில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு எந்த அளவு டிரில் வேண்டும் என்று கேட்டால் நல்ல ரேங்க் வாங்கியவர் சட்டென்று சொல்லிவிடுவார். அந்த டிரில்லை அவர் கையில் பிடித்திருக்கிறாரா என்பதைத் தேர்வு கேட்பதில்லை, கேட்கவும் வழியில்லை. ஆக, மூளையை மட்டும் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரை, கையை நம்பி நடக்கும் ஒரு துறையில் கொண்டுவந்து விடுகிறோம். இதில் அந்த இளைஞரின் குற்றம் எதுவும் இல்லை.

## முதல் ஆறு மாதத்தில் அவர் கைக்கு வரும் வேலைகள்

எலும்பு அறுவை மருத்துவர் என்றதும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் ரோபோவும்தான் நினைவுக்கு வரும். புது ரெசிடென்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவருக்கு வருபவை இவை:

1. மாவுக்கட்டு. பார்க்க எளிய வேலை. பாரிஸ் சாந்து ஏற்றிய துணிச்சுருளைத் தண்ணீரில் முக்கிச் சுற்றுகிறார்கள், சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. 1850-களின் தொடக்கத்தில் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர் கொண்டுவந்த முறை. இன்றும் அடிப்படை அதேதான். ஆனால் இதில் தவறு நடக்க எத்தனை இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

சாந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சூடு வெளியாகிறது. தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடாக இருந்தாலும், அடுக்குகள் கூடினாலும், முந்தைய கட்டுக்குச் சுருளை முக்கியெடுத்த கலங்கல் தண்ணீரையே மறுபடி பயன்படுத்தினாலும், இறுகும்போதே காலைத் தலையணைமேல் வைத்தாலும் அந்தச் சூடு ஏறும். தோல் வெந்துபோகும் அளவுக்கும் ஏறலாம். உள்ளே சுற்றும் பஞ்சு மெல்லிசாக இருந்தால் குதிகாலிலும் முழங்கை முனையிலும் புண் வரும். கெட்டியாக இருந்தால் கட்டு தொளதொளத்து எலும்பு விலகும். ஈரச் சாந்தை விரல் நுனியால் பிடித்தால் அந்தக் குழி அப்படியே இறுகி, உள்ளே தோலை வாரக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளங்கையால்தான் ஏந்த வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிப் போகிறது. கட்டின் விளிம்பு அங்கே அழுத்தினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போய்விடும். மணிக்கட்டுக்குப் போடும் கட்டு, விரல்கள் மடங்கும் இடத்து உள்ளங்கை ரேகையைத் தாண்டிவிட்டால், ஆறு வாரம் கழித்துப் பிரிக்கும்போது எலும்பு சேர்ந்திருக்கும், விரல்கள் விறைத்துப்போயிருக்கும்.

மணிக்கட்டு முறிவில் கட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இழுத்துச் சேர்த்த எலும்பு மறுபடி பின்னால் சாயாமல் பிடித்துவைக்க வேண்டும். அதற்கு மூன்று இடத்தில் அழுத்தம் வேண்டும்: விலகிய துண்டின்மேல் ஒன்று, முறிவுக்குச் சற்று மேலே எதிர்ப்பக்கத்தில் ஒன்று, முழங்கைப் பக்கமாக மறுபடி முதல் பக்கத்தில் ஒன்று. சாந்து குழைவாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் இது நடக்க வேண்டும். முந்தினால் வடிவம் நிற்காது, பிந்தினால் கட்டு விரிசல் விடும். எந்தக் கணத்தில் சாந்து ‘பிடிக்கிறது’ என்பது கைக்குத்தான் தெரியும். இருபது முப்பது கட்டு போட்ட கைக்கும் முதல் கட்டு போடும் கைக்கும் வித்தியாசம் இங்கேதான்.

புதுக் காயத்தில் வீக்கம் இன்னும் ஏறும். அதனால் முதலில் சுற்றிவர மூடாத ஸ்லாப் எனும் பாதிக்கட்டு போட்டு, வீக்கம் வடிந்தபின் முழுக்கட்டு போடுவது வழக்கம். கைக்கு 8 முதல் 10 அடுக்கு, காலுக்கு 12 முதல் 15 அடுக்கு. “பாதிதான் கட்டியிருக்காங்க, சரியாப் போடலை” என்று உறவினர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அதுதான் பாதுகாப்பான கட்டு.

2. வெயிட் கட்டி இழுப்பது. தொடை எலும்பு உடைந்தவருக்கு அறுவை சிகிச்சை வரை காலில் ஒரு கம்பி செலுத்தி, அதில் எடை தொங்கவிடுவார்கள். முழங்காலுக்குக் கீழே செலுத்தும் கம்பி வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகப் போக வேண்டும். மேலே சொன்ன அதே நரம்பு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கம்பி நுழையும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், வெளியேறும் இடம் ஓரளவுக்கு மேல் நம் கட்டுப்பாட்டில் இல்லை.

3. டிரில் பிடிப்பது. பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்க எலும்பில் துளை போட வேண்டும். நீண்ட எலும்பு உள்ளே குழலாக இருப்பதால் டிரில் முதலில் ஒரு கெட்டிச் சுவரைத் துளைக்கும், நடுவில் லேசாக ஓடும், பிறகு எதிர்ச் சுவரைத் துளைக்கும். எதிர்ச் சுவர் உடையும் கணத்தில் கையை நிறுத்தத் தெரியாவிட்டால் டிரில் முனை பாய்ந்து அப்பாலுள்ள சதைக்குள் போய்விடும். முழங்காலுக்குப் பின்னால் என்றால் அங்கே காலின் முக்கிய ரத்தக் குழாய் இருக்கிறது. பழகாத கை அதிக தூரம் பாய்கிறது என்பது பயிற்சிக் கூடங்களில் அளந்து பார்த்த உண்மை. அனுபவசாலி டிரில்லின் சத்தம் மாறுவதைக் கேட்டே நிறுத்துவார். இன்னொரு கையை எலும்போடு ஊன்றி வைத்திருப்பார்.

சூடும் ஒரு பிரச்சினை. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் சேதமாகும் என்று 1983-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மழுங்கிய டிரில்லை வைத்து அழுத்தி அழுத்தித் துளைத்தால் ஸ்க்ரூ பிடிக்க வேண்டிய இடத்தில் செத்த எலும்புதான் மிஞ்சும். பிற்பாடு ஸ்க்ரூ தளரும். அதனால்தான் உப்புநீரை ஊற்றிக்கொண்டே துளையிடுகிறார்கள். அளவிலும் பிசகக் கூடாது. 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை. ஆனால் அதே ஸ்க்ரூ இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று இறுக்க வேண்டுமென்றால் அருகிலுள்ள சுவரில் 3.5, எதிர்ச் சுவரில் 2.5. வரிசை மாறினால் ஸ்க்ரூ ஏறும், இறுக்கம் வராது.

4. சி-ஆர்ம். அறுவை அரங்கில் உடனுக்குடன் எக்ஸ்ரே காட்டும் இயந்திரம். தட்டையான படத்தைப் பார்த்து எலும்பின் ஆழத்தை மனதில் கட்டிக்கொள்ளத் தெரியாதவர் பெடலை அழுத்திக்கொண்டே இருப்பார். அவருக்கும், நோயாளிக்கும், பக்கத்தில் நிற்கும் நர்சுக்கும் கதிர்வீச்சு ஏறும். கதிர் வரும் குழாய் கீழே, படம் வாங்கும் தட்டு மேலே, கையைக் கதிர் பாதையில் வைக்காதே, ஈய ஏப்ரனோடு தைராய்டு கவசமும் போடு என்ற விஷயங்களை முதல் வாரமே சொல்லித்தர வேண்டும். கதிர்வீச்சோடு வேலை செய்பவர்களுக்கு 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓராண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. அதை அளக்கத்தான் அந்தச் சின்ன டி.எல்.டி. பேட்ஜ்; அலமாரியில் தொங்கும் பேட்ஜ் எதையும் அளக்காது.

5. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பது. இந்தப் பட்டியலிலேயே அதிகம் பயப்பட வேண்டியது இதுதான். கை காலில் தசைகள் நீளாத உறைகளுக்குள் தனித்தனி அறைகளாக இருக்கின்றன. காயத்தால் உள்ளே வீங்கும்போது உறை விரியாது. அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கும். சுமார் 6 மணி நேரத்துக்குள் உறையைக் கிழித்துத் திறக்காவிட்டால் தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். முன்கையில் இது நடந்தால் விரல்கள் நிரந்தரமாகச் சுருண்டுவிடும். புத்தூர் கட்டு போன்ற நாட்டுக் கட்டுகளை இறுக்கிப் போட்டு இப்படி ஆன கைகளை எலும்பு மருத்துவர்கள் நிறையவே பார்த்திருப்பார்கள். ஆனால் மருத்துவமனையில் போட்ட இறுக்கமான மாவுக்கட்டும் இதே வேலையைச் செய்யும் என்பதை மறைக்கக் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நாடித் துடிப்பு கடைசி வரை இருக்கலாம். “பல்ஸ் இருக்கு, ஒண்ணுமில்லை” என்று சொல்லிவிட்டுப் போகும் புது டாக்டர் அங்கேதான் ஏமாறுகிறார். நம்ப வேண்டிய அடையாளங்கள் இரண்டு: காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, நோயாளியின் விரலை நாம் மெதுவாக நீட்டிவிடும்போது உயிர் போகும் வலி. இரவு இரண்டு மணிக்கு இதைப் பார்க்கப் போகிறவர் யூனிட் தலைவர் அல்ல, முதலாண்டு ரெசிடென்ட்.

## ‘பார், செய், சொல்லிக்கொடு’

பழைய முறை இப்படித்தான்: சீனியர் செய்வதை ஒரு தடவை பார், அடுத்ததை நீ செய், அதற்கடுத்ததை ஜூனியருக்குச் சொல்லிக்கொடு. ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தொடங்கிய ரெசிடென்சி ஏற்பாட்டின் வழிவந்த பழக்கம் இது. இதில் ஒரு பலம் உண்டு. நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வரும் நம் அரசு மருத்துவமனைகளில் மூன்று ஆண்டில் ஒருவர் பார்க்கும் முறிவுகளைப் பல வெளிநாட்டு ரெசிடென்டுகள் கனவிலும் பார்க்க முடியாது. படித்து முடித்து வெளியே வருபவர்களில் மிகத் திறமையான கைகள் இருப்பதும் அதனால்தான்.

பலவீனம் என்னவென்றால், கற்றல் வளைவின் மிக ஆபத்தான முதல் பகுதி நோயாளியின் உடம்பில் நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவரும் போன வருடம்தான் கற்றுக்கொண்டவர். அவர் பிசகாகக் கற்றிருந்தால் அந்தப் பிசகும் சேர்ந்தே கைமாறும். யாருக்கு எந்த கேஸ் கிடைக்கும் என்பது டியூட்டி நாளைப் பொறுத்த அதிர்ஷ்டம். முதலாண்டில் நேரத்தின் பெரும்பகுதி ரத்த மாதிரி எடுப்பது, ஸ்கேனுக்கு நாள் வாங்குவது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுதுவது ஆகியவற்றிலேயே கரைந்துவிடுகிறது. 1992-இல் வந்த மத்திய ரெசிடென்சி திட்டம் நாளுக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்றுதான் சொன்னது. தொடர்ந்து 36 மணி நேரம் விழித்திருந்த ரெசிடென்டுகளுக்கு அந்த எண்கள் எப்படித் தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. தூக்கம் கெட்ட கையிடம் நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. தூக்கம் கெட்ட மூளை புதிதாக எதையும் பதிய வைத்துக்கொள்ளவும் செய்யாது.

## மற்ற நாடுகள் எதை மாற்றின

பயிற்சியை நோயாளியிடமிருந்து பிரிக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. 1958-இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர்கள் சிலர் ஏ.ஓ. என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1960-இலேயே தாவோஸ் நகரில் கருவிகளைக் கையில் கொடுத்துப் பழகவைக்கும் வகுப்பை நடத்தினார்கள். இன்று இந்தியாவிலும் அந்த வகுப்புகள் நடக்கின்றன, பிளாஸ்டிக் எலும்புகளில் பிளேட் வைத்துப் பழகலாம். ஆனால் சில நாள் வகுப்பு அது, கட்டணமும் உண்டு.

அடுத்த திருப்பம் கனடாவின் டொரன்டோவில். 1997-இல் அங்குள்ளவர்கள் அறுவைக் கைத்திறனை மதிப்பிட ஓசாட்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். ரெசிடென்ட் மேஜையில் ஒரு வேலையைச் செய்வார். தேர்வாளர் பக்கத்தில் நின்று, திசுவை மென்மையாகக் கையாள்கிறாரா, வீண் அசைவு இருக்கிறதா, கருவியைச் சரியாகப் பிடிக்கிறாரா, அடுத்த படி என்னவென்று தெரிந்து செய்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். ‘நல்ல கை’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்படி அளக்கவும் திருத்தவும் முடிந்தது. 2009-இல் அதே டொரன்டோவில் எலும்பு அறுவை ரெசிடென்டுகளுக்குச் சேர்ந்தவுடன் தீவிர அடிப்படைப் பயிற்சி தரும் திட்டம் தொடங்கியது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தெளிவாக மேலாகச் செய்தார்கள்.

அமெரிக்காவில் 2013 ஜூலை முதல் முதலாண்டு எலும்பு அறுவை ரெசிடென்டுகளுக்கு அடிப்படைத் திறன் பயிற்சி கட்டாயமானது. அதற்காக அவர்களின் சான்றளிப்பு வாரியம் 17 பாடத் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றில் ரோபோவும் இல்லை, பெரிய அறுவையும் இல்லை. முடிச்சு, தையல், மாவுக்கட்டு, இழுவை, கம்பி செலுத்துதல், சி-ஆர்ம், கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் போன்றவைதான். மேலே நாம் பார்த்த அதே பட்டியல்.

## நம் விதிகள் எதைக் கேட்கின்றன

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகளைப் படித்தால் மூன்று விஷயங்கள் கண்ணில் படும்.

1. ஆராய்ச்சி முறை, நன்னெறி, உயிர்காப்பு முதலுதவி ஆகியவற்றில் எல்லாத் துறை ரெசிடென்டுகளும் படிப்புகளை முடிக்க வேண்டும். நல்ல விதி.

2. ஆய்வேடு எழுத வேண்டும், லாக் புக் நிரப்ப வேண்டும். எத்தனை கேஸ் பார்த்தார், எத்தனைக்கு உதவினார், எத்தனை செய்தார் என்று லாக் புக் சொல்லும். எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று சொல்லாது.

3. மாவட்ட ரெசிடென்சி என்று 3 மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். பெரும்பாலும் 3, 4, 5-ஆம் அரையாண்டுகளில் ஒன்றில்.

மூன்றாவது விதியைச் சற்று யோசித்துப் பாருங்கள். சேர்ந்து ஓராண்டு முடிந்த கையோடு ஒரு ரெசிடென்ட், சுற்றி நிற்கும் சீனியர்கள் குறைவான ஓர் இடத்துக்குப் போகிறார். மாவட்ட மருத்துவமனைகளுக்கு அந்தக் கைகள் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அங்கே போகும்முன் அவர் கட்டு, இழுவை, டிரில் மூன்றையும் ஒரு மேஜையில் யாராவது பார்க்கச் செய்துகாட்டினாரா? உயிர்காப்பு முதலுதவிக்குச் சான்றிதழ் கேட்கும் அமைப்பு, எலும்பைத் துளைக்கும் கைக்கும் அதே கண்டிப்பைக் காட்டலாம். இப்போதைக்குத் துறைத் தலைவருக்கு அக்கறை இருந்தால் பயிற்சி நடக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமான முதலாண்டு கிடைப்பது அதனால்தான்.

பெங்களூரில் வசதி இல்லை என்று சொல்ல முடியாது. ராமையா மருத்துவக் கல்லூரி வளாகத்தில், தானமாக வந்த உடல்களை வைத்து அறுவைப் பயிற்சி தரும் மையமே இருக்கிறது. ஆனால் இத்தகைய பயிலரங்குகளில் பெரும்பாலும் மூட்டு உள்நோக்கி அறுவை, மூட்டு மாற்று போன்ற உயர்நிலைப் பாடங்கள்தான் நடக்கும்; வருபவர்கள் பெரும்பாலும் படிப்பை முடித்தவர்கள் அல்லது முடிக்கப் போகிறவர்கள். சேர்ந்து பத்து நாள் ஆன ரெசிடென்டுக்கு வேண்டியது அதைவிட எளிமையானது.

## மொழியும் ஒரு கைத்திறன்

பெங்களூரில் இன்னொரு சிக்கல். மாநில அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகிறது. ராஜஸ்தானிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த ஒரு ரெசிடென்ட் முதல் வாரம் அவசரப் பிரிவில் நிற்கிறார். எதிரே சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தவர்கள். கன்னடமே இன்னும் பழகாத அவருக்குத் தமிழ் எப்படித் தெரியும்?

இதை ஏதோ உபசாரப் பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமைக் கண்டுபிடிக்க முதல் கருவி நோயாளியின் வாய். ‘குடைகிறது’, ‘விண்விண் என்று தெறிக்கிறது’, ‘மரத்துப்போச்சு’ ஆகிய மூன்றும் ஒரே வலியல்ல. மூன்றாவதைச் சொன்னால் நரம்பு பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். அட்டெண்டரோ பக்கத்துப் படுக்கைக்காரரோ மூன்றையும் சேர்த்து ‘வலிக்குதாம்’ என்று மொழிபெயர்த்தால் அந்தத் தகவல் போய்விடுகிறது. கட்டுப் போட்டு அனுப்பும்போது சொல்ல வேண்டிய எச்சரிக்கைகளும் அப்படியே. ஆகவே புது ரெசிடென்டின் முதல் மாதப் பயிற்சியில் கன்னடம், தமிழ், உருது மூன்றிலும் ஒரு பத்துக் கேள்வி இருக்க வேண்டும் என்பேன். “எங்கே வலி?”, “மரத்துப்போச்சா?”, “விரலை நீட்டினா வலி கூடுதா?” கன்னடமும் தமிழும் அறிந்த வார்டு நர்ஸ் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

## என்ன வேண்டும், எவ்வளவு செலவு

திறன் பயிற்சி என்றதும் மெய்நிகர் கண்ணாடியும் சிமுலேட்டரும் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறார்கள். அறுவையின் படிகளை மனதில் பதிய வைக்க அவை உதவும். ஆனால் சாந்து இறுகும் கணத்தை எந்தக் கண்ணாடியும் கைக்குக் காட்டாது. முதலாண்டுக்கு வேண்டியவை மிகச் சாதாரணமானவை:

- மாவுக்கட்டுக்கு: சில பெட்டி சாந்துச் சுருள், பஞ்சு, வாளி, ஒருவர் மற்றவருக்கு நீட்டும் கை. தன் கையில் கட்டுப் போட்டு இறுகும் சூட்டை உணர்ந்தவர் நோயாளிக்குக் கொதிக்கும் தண்ணீரை எடுக்கமாட்டார். கட்டை வெட்டும் ரம்பத்தையும் அதே நாளில் பழகலாம். அதன் பல் சுழலாமல் அதிர்வதால் தோலை அறுக்காது, ஆனால் ஒரே இடத்தில் வைத்து இழுத்தால் சூட்டில் சுடும்.
- டிரில்லுக்கு: பிளாஸ்டிக் எலும்பு இல்லாவிட்டால் கறிக்கடையில் வாங்கிய எலும்பு. அடியில் ஸ்பாஞ்சு வைத்து, முனை எத்தனை மில்லிமீட்டர் பாய்ந்தது என்று ஸ்கேலால் அளந்தால் போதும். அடுத்த வாரம் அதே அளவு குறைந்திருக்க வேண்டும்.
- சி-ஆர்முக்கு: இயந்திரம் சும்மா நிற்கும் ஒரு பிற்பகல், பிளாஸ்டிக் எலும்பு, ஏப்ரன், கூடவே கதிரியக்கத் தொழில்நுட்பர். இத்தனை படத்துக்குள் கம்பியைச் செலுத்து என்று ஒரு வரம்பு.
- எல்லாவற்றுக்கும் மேலாக: பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தும் ஓர் ஆசிரியர். பேஜரும் போனும் அடிக்காத இரண்டு மணி நேரம்.

கடைசி வரிதான் உண்மையான செலவு. சாந்தும் எலும்பும் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஒரு உதவிப் பேராசிரியரையும் ஆறு ரெசிடென்டுகளையும் ஒரு பிற்பகல் வார்டிலிருந்து விடுவிப்பதுதான் துறைகளுக்கு முடியாத காரியமாகத் தோன்றுகிறது. அவர்கள் செய்யும் எடுபிடி வேலைக்கு வேறு ஆள் போடாத வரை அது முடியாததாகவே இருக்கும்.

சேர்ந்த வாரத்தில் ஒரே மூச்சாக நாலு நாள் முகாம் நடத்தி முடித்துவிடலாம் என்ற நினைப்பும் சரியல்ல. 2006-இல் டொரன்டோ ஆய்வாளர்கள் நுண்ணிய ரத்தக் குழாய்த் தையலை இரண்டு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு பாடங்களையும் ஒரு குழு ஒரே நாளில் படித்தது; இன்னொன்று வாரம் ஒன்றாகப் படித்தது. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகப் படித்த குழுதான் மேலே நின்றது. எனவே ஒரு முகாமும், அதன்பின் வாரம் ஒரு பிற்பகலும், மூன்றாம் மாத முடிவில் ஓசாட்ஸ் மாதிரி ஒரு சோதனையும் என்று வைத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். அந்தச் சோதனையில் தேறும் வரை தனியாக டிரில் பிடிக்கவோ கம்பி செலுத்தவோ கூடாது என்று துறையே முடிவு செய்யலாம். டில்லியிலிருந்து சுற்றறிக்கை வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

## நோயாளி வீட்டார் கவனிக்க வேண்டியவை

இளைய டாக்டரைக் கண்டு சண்டை பிடிப்பதால் பயனில்லை. அவர்தான் அந்த இரவு முழுக்க உங்களோடு இருக்கப் போகிறவர். ஆனால் சில கேள்விகளைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

1. அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும்முன் “யார் செய்யப் போகிறார்கள், சீனியர் உள்ளே இருப்பாரா?” என்று கேளுங்கள்.

2. கட்டுப் போட்டபின் எக்ஸ்ரே எடுத்தார்களா, அடுத்த எக்ஸ்ரே எப்போது என்று கேளுங்கள். மணிக்கட்டு முறிவு முதல் இரண்டு வாரத்தில் மறுபடி விலகக்கூடியது. வீக்கம் வடிந்ததும் கட்டு தளரும். அதனால்தான் வாராவாரம் வரச் சொல்கிறார்கள், அலைக்கழிப்பதற்காக அல்ல.

3. மாவுக்கட்டு தொட்டால் கெட்டியாக இருந்தாலும் முழுக்கக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை அதன்மேல் எடை வைக்கக் கூடாது. கை காலை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள், விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள்.

4. மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்தாலோ, வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, விரலை நீட்டினால் தாங்க முடியாமல் வலித்தாலோ காலை வரை பொறுக்காதீர்கள். அதே இரவு அதே அவசரப் பிரிவுக்குத் திரும்பிப் போங்கள். அங்கே இருக்கும் ரெசிடென்ட் முதலில் கட்டை முழு நீளத்துக்கும் பிளக்க வேண்டும். சாந்தை மட்டும் வெட்டிவிட்டு உள்ளே இருக்கும் பஞ்சையும் துணியையும் அப்படியே விட்டால் அழுத்தம் போதிய அளவு குறையாது; தோல் தெரியும் வரை பிரிக்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் வலி குறையவில்லை என்றால் சீனியரை உடனே கூப்பிடச் சொல்லுங்கள்.